தனியாளாக எஞ்சின் பூட்டிய கணக்கு

கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து நாமே ஒரு வேலையில் இறங்குகிறோம். வேலை முடிந்த பிறகு உண்மையிலேயே மிச்சம் பிடித்தோமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நானும் அப்படி ஒரு வேலையில் இறங்கினேன். செலவையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதி வைத்தேன். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் வாசகர்களுக்குத் தருகிறேன். இதில் எனக்குப் பெருமை தருவதும் உண்டு, வெட்கப்பட வைப்பதும் உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு வண்டி. 948 சீசீ எஞ்சின், நான்கு கியர், 1 ஸ்ரீ இலக்கத் தகடு. 1974இல் வாப்பா வாங்கியது. மாவனல்லையில் எனக்குச் சிறியதொரு மின்சாரப் பொருட்கடை உண்டு. 2016ஆம் ஆண்டிலிருந்து இந்தக் காரைத் திருமண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். மாப்பிள்ளை பழைய காரில் வந்திறங்குவது இப்போது ஒரு விருப்பமாகிவிட்டது. கடை வருமானம் குறைந்த மாதங்களில் மின்கட்டணத்தையும் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தையும் இந்தக் கார்தான் கட்டியிருக்கிறது. ஆகவே இது அலங்காரப் பொருள் அல்ல, முதல் போட்ட தொழில்.

பழையதற்கு வந்த மவுசு

மொரிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சம் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் இதுதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்போது சுமார் 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. நம் நாட்டில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் மருத்துவர்களும் ஓட்டிய கார் இது. அவற்றில் பல இன்றும் ஓடுவதற்குக் காரணம், சாதாரண ஸ்பெனர்களால் கழற்றிப் பூட்டக்கூடியதாக அதைச் செய்திருப்பதுதான்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர் 1982இல் ‘டியுரபிள் கார் ஓனர்ஷிப்’ என்றொரு நூலை எழுதினார். புதிய கார் வாங்கிச் சில வருடங்களில் கழிப்பதைவிட, பழுதுபார்க்கத்தக்க ஒரு காரைத் தொடர்ந்து பேணுவது மலிவு என்பதே அவரது வாதம். 1991இல் இலங்கையர் ஒருவருடன் சேர்ந்து இங்கே ‘டியுரபிள் கார் கம்பனி’யையும் ஆரம்பித்தார். மைனருக்கான பாகங்கள் நம் நாட்டில் தயாராகிப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகின. கார் பிறந்த நாட்டுக்கு நாம் உதிரிப்பாகம் விற்றோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடுகின்ற எந்த வண்டிக்கும் விலை ஏறியது. பழுதுபார்ப்பவருக்கும் கிராக்கி ஏறியது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கைத்தொழில் தெரிந்த பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். என் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அரிசிச் சாக்கில் வந்த போல்ட்டுகள்

2024 ஏப்ரலில் எஞ்சினிலிருந்து நீலப் புகை வந்தது. ஒரு கராஜில் விட்டேன். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இறக்கினார்கள். லேத்தில் செய்யவேண்டிய வேலைகளைச் செய்து எஞ்சினைப் பூட்டியும் முடித்தார்கள். அத்தோடு அந்த பாஸ் கட்டாருக்குப் போய்விட்டார். மீதமிருந்த பையன்கள் ஜப்பான் ஹைபிரிட் வண்டிகளுக்குக் கணினி பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள். இந்தக் காருக்குக் கணினி பொருத்த இடமில்லை. நான்கு மாதம் கார் அங்கேயே வெயிலில் நின்றது. வேறொரு இடத்தில் விசாரித்தபோது, திருப்பிப் பூட்டுவதற்குக் கூலி மட்டும் 55,000 ரூபா என்றார்கள். முறை வருவதற்கு இரண்டு மாதம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பிழை விட்டேன். தெரிந்த ஹாஜியார் ஒருவர் மகனின் திருமணத்துக்காகக் காரைக் கேட்டார். எஞ்சின் சரியாகிவிட்டது, பூட்டுவதுதான் பாக்கி என்று சொல்லி, 25,000 ரூபா வாடகைக்கு 10,000 ரூபா முற்பணம் வாங்கினேன். திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

காரைக் கட்டி இழுத்தும், எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒரு பட்டா லொறியில் ஏற்றியும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போல்ட்டுகள் எல்லாம் ஒரே அரிசிச் சாக்கில் வந்தன. எது எங்கே என்று ஓர் அடையாளமும் இல்லை. முதல் இரண்டு இரவும் முற்றத்தில் பழைய பத்திரிகையை விரித்து அவற்றைத் தரம் பிரிப்பதிலேயே போயின. ஐஸ்கிறீம் டப்பாக்கள் பதினாறு எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினேன். வாப்பா காலத்துப் பழுதுபார்க்கும் கைநூல் உதவியது.

இங்கே ஒரு குறிப்பு. இந்தக் காரின் போல்ட்டுகள் மில்லிமீற்றர் அளவல்ல, அங்குல அளவு. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பெனர் ஏறும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். இறுக்கமான இடத்தில் அந்த இடைவெளி நட்டின் மூலையை மழுக்கிவிடும். வாப்பாவின் பழைய ஸ்பெனர் கட்டு என்னைக் காப்பாற்றியது.

இரண்டாவது கைக்குப் பதில் என்ன?

மகன் வெளிநாட்டில். மனைவிக்கு முழங்கால் வலி. கூலிக்கு ஒரு பையனைக் கேட்டேன், முதல் நாளே வரவில்லை. ஆகவே தனியாகத்தான் செய்யவேண்டியிருந்தது. எஞ்சின் நூறு கிலோவுக்கும் மேல். அதனுடன் கியர் பொக்ஸும் சேர்ந்தால் ஒரு மனிதன் நினைத்துப் பார்க்கக்கூடிய பாரம் அல்ல. இரண்டு பேர் செய்கின்ற வேலையை ஒருவர் செய்வதென்றால், இரண்டாவது ஆளின் கைக்குப் பதிலாக வேறொன்றை வைத்தாக வேண்டும். இந்த வேலையில் நான் படித்த முதற் பாடம் அதுதான்.

தூக்குவதற்கு மூன்று இரும்புக் குழாய்களால் முக்காலியொன்று கட்டி, அதில் வாடகைக்கு எடுத்த செயின் புளொக்கைத் தொங்கவிட்டேன். செயின் புளொக்கின் நன்மை, கையை விட்டாலும் பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் அது மேலும் கீழும்தான் போகும், முன்னும் பின்னும் போகாது. எனவே எஞ்சினைக் காருக்குக் கொண்டுபோகாமல் காரை எஞ்சினுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் இல்லாத மைனரைச் சமதரையில் ஒருவர் தள்ளலாம். நிறுத்துவதற்குத்தான் இன்னொருவர் வேண்டும். நான்கு செங்கற்களைக் கயிற்றில் கட்டி, டயருக்கு முன்னும் பின்னும் வைத்து, கயிற்றின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கார் ஓர் அங்குலமும் தவறிப் போகவில்லை.

இன்னொரு விதியையும் வைத்துக்கொண்டேன். தொங்கும் பாரத்தின் கீழ் தலையோ கையோ போகக்கூடாது. கீழே கை போட வேண்டுமென்றால் முதலில் மரக்கட்டை அடுக்க வேண்டும். தொலைபேசி எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மனைவி அரைமணிக்கு ஒருமுறை ஜன்னலால், “இருக்கீங்களா?” என்று கேட்பார். “இருக்கேன்” என்ற பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. தனியாக வேலை செய்பவருக்கு இது செலவில்லாத காப்புறுதி.

பூட்டிய விதம்

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்சை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கிளட்ச் தேய்ந்து, அதே வேலையை மறுபடியும் செய்ய நேரிடும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பழைய பிளேட்டைக் கையிலேயே எடுத்துப்போனேன். 948 எஞ்சினுக்கு 6¼ அங்குல பிளேட், பின்னால் வந்த 1098 எஞ்சினுக்கு 7¼ அங்குலம். கடைக்காரர் பழையதையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டி, “நானா, வாயால கேட்டு வாங்கினவங்கதான் திரும்பி வருவாங்க” என்றார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், கார்பன் பெயரிங் மூன்றையும் வாங்கினேன்.

கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் நிற்காவிட்டால் கியர் பொக்ஸின் ஷாப்ட் அதற்குள் போகாது. அதற்காக ஊர் லேத் பாஸிடம் மரத்தில் ஓர் அச்சுக் கட்டை கடைந்து வாங்கினேன். அதைச் செருகி, பிளேட்டை நடுவாக்கி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றிவரச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

பிறகு எஞ்சினைச் செயினில் தொங்கவிட்டு, கியர் பொக்ஸைச் சில்லு ஜக்கின் மேல் வைத்து, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கியரைப் போட்டுவிட்டுப் பின்முனையைச் சிறிது திருப்பினால் உள்ளே ஷாப்டும் திரும்பி, பள்ளத்தில் பல் விழும். கடைசி ஒரு அங்குலம் வராமல் நின்றது. போல்ட்டைப் போட்டு இழுத்து இறுக்கிவிடலாம் என்ற ஆசை வரும். அப்படிச் செய்தால் பிளேட் வளையும், உறை வெடிக்கும். கியர் பொக்ஸின் பாரம் ஷாப்டில் தொங்கவும் கூடாது. நான் ஜக்கை ஒரு நூலளவு ஏற்றினேன். தானாகவே போய் ஒட்டிக்கொண்டது.

அடுத்து இரண்டையும் சேர்த்துத் தூக்கி, வாலைக் கீழே சரித்து, பொனட் இருந்த இடத்தின் வழியாக இறக்க வேண்டும். மைனரின் உள்ளே தரையில் கியர் பொக்ஸுக்கு மேலாக ஒரு தகட்டு மூடி உண்டு. அதைக் கழற்றினால் உள்ளிருந்தே வாலைப் பிடிக்கலாம். இரண்டு பேர் என்றால் ஒருவர் செயினில், மற்றவர் உள்ளே. நான் காரின் இரு பக்க வாசற்படிகளுக்கும் குறுக்கே ஒரு தடியைப் போட்டு, வாலில் கட்டிய கயிற்றை அதன்மேல் எடுத்து முடிச்சிட்டேன். செயினை நான்கு பல் இறக்குவது, உள்ளே ஏறிக் கயிற்றை ஒரு சாண் இழுப்பது, மறுபடி வெளியே வருவது. எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று எண்ணவில்லை. வால் மட்டத்துக்கு வந்ததும் கீழே ஜக்கைக் கொடுத்து, குறுக்குச் சட்டத்தைப் பூட்டி, முன்பக்க மவுண்டுகளையும் இறுக்கினேன்.

மீதி வேலைகள் பொறுமைக்கு உரியவை. புரொப்பலர் ஷாப்டின் பின்பக்க நான்கு போல்ட்டுகள், கிளட்ச் பெடலின் இணைப்புத் தண்டு, ஸ்பீடோமீற்றர் கேபிள், ஸ்டார்ட்டர், டைனமோ, ரேடியேட்டர். எர்த் வயரை மட்டும் மறக்கவே கூடாது. வாப்பா ஒருமுறை அதை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ய, மின்சாரம் வேறு வழியில்லாமல் சோக் கேபிளால் ஓடி, அது சிவந்து எரிந்ததைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். கியர் பொக்ஸுக்கு 1.3 லீற்றர், எஞ்சினுக்கு 3.7 லீற்றர் ஒயில் ஊற்றினேன். பிளக்குகளைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றவிட்டேன். பிறகு 1-3-4-2 என்ற வரிசையில் வயர்களைப் போட்டேன். ஆறாம் நாள், புதன்கிழமை இரவு, எஞ்சின் பேசியது. அந்த நிமிடத்தின் சந்தோஷத்துக்குக் கொப்பியில் நிரல் இல்லை.

அந்தப் புதன்கிழமை இரவு

சந்தோஷம் பத்து நிமிடம்தான் நீடித்தது. கிளட்சை முழுதாக மிதித்து முதலாம் கியரைப் போட்டேன். கரகரவென்ற சத்தத்துடன் கார் முன்னால் பாய்ந்தது. கிளட்ச் விடுபடவில்லை. தண்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், பயனில்லை.

கொப்பியைப் புரட்டினேன். கிளட்ச் பிளேட்டை இரவு பதினொன்றரைக்குப் பூட்டியதாக எழுதியிருந்தது. விடயம் விளங்கிவிட்டது. பிளேட்டின் ஒரு பக்கம் நடுப்பகுதி நீண்டிருக்கும். அது கியர் பொக்ஸ் பக்கம் வரவேண்டும். எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று தகட்டிலேயே அச்சிட்டிருந்தது. களைப்பில் நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சிறுவன் நின்றிருந்தாலும், “இதில என்னமோ எழுதியிருக்கே” என்று சொல்லியிருப்பான். கைக்குப் பதில் கயிற்றையும் செங்கல்லையும் வைத்தேன். கண்ணுக்குப் பதில் எதையும் வைக்கவில்லை.

திருமணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாட்களிலும் இரவு பகலாகப் பாடுபட்டால் முடியலாம். முடியாமலும் போகலாம். முடிந்தாலும், ஒரு கிலோமீற்றர்கூட ஓடிப் பார்க்காத எஞ்சினில் மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும். அவர் நடுவீதியில் இறங்கித் தள்ளுவதை நினைத்துப் பார்த்தேன். காலையில் ஹாஜியாருக்கு அழைப்பெடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முற்பணத்தை அன்றே திருப்பித் தருவதாகவும், கேகாலையில் ஒரு பழைய ஒஸ்டின் காரை ஏற்பாடு செய்வதாகவும், அதற்குக் கூடுதலாகும் 5,000 ரூபாவை நானே கொடுப்பதாகவும் சொன்னேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “தம்பி, நீங்க இத ஞாயித்துக்கிழம காலையில சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருக்க மாட்டேன்” என்றார். அவ்வளவுதான். கோபம் இருந்தது, ஆனால் உறவு முறியவில்லை.

இரண்டாவது தடவை

வெள்ளி பின்னேரம் மறுபடி ஆரம்பித்தேன். இந்தமுறை கியர் பொக்ஸை அசைக்கவில்லை. அதை ஜக்கில் தாங்கவைத்து, எஞ்சினை மட்டும் முன்னால் இழுத்துத் தூக்கினேன். பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் திருப்பிப் போட்டு, தொலைபேசியில் படமெடுத்து, அடுத்த நாள் காலை மறுபடி பார்த்த பிறகே மூடினேன். திருப்பிப் பொருத்தும்போது நான்காம் கியரில் விட்டு, முன்னாலிருந்து கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகத் திருப்பினேன். பல் விழுந்தது. சனி மாலை வேலை முடிந்தது.

முதல் தடவை 34 மணித்தியாலம், இரண்டாவது தடவை 11 மணித்தியாலம். அதே மனிதன், அதே கருவிகள். போல்ட்டுகள் டப்பாக்களில் இருந்தன, வழி தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பொருட்களைக் களஞ்சியத்தில் ஒழுங்காக அடுக்காத கடைக்காரர் ஒவ்வொரு நாளும் 34 மணித்தியால வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதை அன்று உணர்ந்தேன்.

கொப்பி சொல்வது

உதிரிப்பாகச் செலவு எவர் பூட்டினாலும் ஒன்றுதான். அதை விட்டுவிடுவோம். செயின் புளொக் வாடகையும் குழாய்களும் 9,000 ரூபா. லேத் கூலி 1,500. கடையை ஆறு தடவை அரைநாள் மூடியதால் இழந்த இலாபம், ஒரு தடவைக்கு 4,000 வீதம் 24,000. இழந்த வாடகையில் பெற்றோல் முதலான செலவு போக 20,000. ஒஸ்டினுக்குக் கொடுத்த மேலதிகம் 5,000. மொத்தம் 59,500 ரூபா.

கராஜ் கேட்ட கூலி 55,000. அதாவது, கூலியை மிச்சம் பிடிக்கப் போய் 4,500 ரூபா கூடுதலாகச் செலவிட்டிருக்கிறேன். என் 45 மணித்தியால உழைப்புக்கு இதில் ஒரு சதமும் போடவில்லை.

ஆனால் இன்னொரு முறை பாருங்கள். திருமணத்துக்கு முற்பணம் வாங்காமல் இருந்திருந்தால் அந்த 25,000 ரூபா இந்தக் கணக்கிலேயே வராது. செலவு 34,500 ரூபாவோடு நின்றிருக்கும். ஆக, நட்டம் வந்தது தனியாக வேலை செய்ததால் அல்ல, கிளட்ச் பிளேட்டை மாற்றிப் போட்டதாலும் அல்ல. பிழை எவருக்கும் வரும். கையில் இல்லாத ஒரு திகதியை நான் விற்றேன். அதுதான் நட்டம்.

நம் சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோர் தனியாட்கள்தான். கடை, கணக்கு, கொள்வனவு, விநியோகம் எல்லாம் ஒரே தலையில். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது மூன்றுதான். சொந்த உழைப்புக்கும் மூடிய கடைக்கும் விலை போடுங்கள். கைக்குப் பதிலாகக் கருவியை வைப்பதுபோல், கண்ணுக்குப் பதிலாகவும் ஒன்றை வையுங்கள். களைத்த இரவில் செய்த வேலையைக் காலை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். முடிந்த வேலைக்கு மட்டும் திகதி கொடுங்கள். கொடுத்த திகதி தவறும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே வாயைத் திறவுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை ஒஸ்டினில் போன அதே நேரம், நான் தனியாக மைனரை எடுத்துக்கொண்டு ஹிங்குலையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறினேன். இரண்டாம் கியரில் முனகியபடி ஏறியது. மேலே நிறுத்தி பொனட்டைத் திறந்து பார்த்தேன். ஒயில் ஒரு சொட்டுத்தான் கசிந்திருந்தது. மைனருக்கு அது கசிவு அல்ல, கையொப்பம் என்பார் வாப்பா.

இரண்டு மாதம் கழித்து அந்த ஒஸ்டின்காரரே அழைத்து, தனக்கு ஒரே நாளில் இரண்டு திருமணம் வந்திருப்பதாகவும் ஒன்றை எனக்குத் தருவதாகவும் சொன்னார். ஏற்றுக்கொண்டேன். அதற்கு முன் கொப்பியைத் திறந்து, கார் அன்று ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்தேன்.